எங்கே வைத்தாலும் வேலைசெய்யும் காம்போனென்ட்: ஒரு தேடல் பெட்டியைக் கட்டிப் பார்ப்போம்

ஒரு திட்டத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காம்போனென்ட்டை, அதாவது பொத்தான், பெட்டி போன்ற திரைத் துண்டை, இன்னொரு திட்டத்துக்கு எடுத்துப்போனால், பாதித் திட்டம் அதன் பின்னாலேயே வந்துவிடும். தேடல் பெட்டி பக்க மாற்றத்தைப் பார்க்கும் ரூட்டரைக் கேட்கும், ரூட்டர் உள்நுழைவுத் தகவலை வைத்திருக்கும் லாகின் ஸ்டோரைக் கேட்கும், ஸ்டோர் ஏதோ ஒரு சர்வர் முகவரியைக் கேட்கும். நிரல் மோசமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தனக்குத் தேவையில்லாத சங்கதிகள் அந்தக் காம்போனென்ட்டுக்குத் தெரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். மறுபயன்பாட்டு வடிவமைப்பில் முக்கால்வாசி வேலை, ஒரு காம்போனென்ட்டுக்கு எதையெல்லாம் தெரியவிடக் கூடாது என்று முடிவெடுப்பது.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் தட்டச்சு செய்யச் செய்யப் பரிந்துரை காட்டும் தேடல் பெட்டியைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பார்வைக்குச் சின்னது, ஆனால் மறுபயன்பாட்டில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இதற்குள் இருக்கின்றன. சொல்லும் முறை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை ஒட்டியது. வ்யூ, ஆங்குலர், ஃப்ளட்டர் எதில் எழுதினாலும் முடிவுகள் ஏறக்குறைய இவைதான்.

பிரித்தெடுக்கும் முன்

இரண்டு இடங்களில் ஒரே மாதிரி நிரல் இருக்கிறது என்பதற்காக உடனே பொதுவாக்க வேண்டாம். மூன்றாவது இடம் வரட்டும். அப்போதும் கண்ணால் பார்த்து முடிவெடுக்காமல் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றைப் பாருங்கள். அந்தப் பிரதிகள் கடந்த மாதங்களில் ஒரே கமிட்டில், அதாவது ஒருசேரப் பதிந்த மாற்றத்தில், சேர்ந்து மாறியிருந்தால், அவை உண்மையிலேயே ஒரே பொருள். ஒன்று மாறும்போது மற்றது அப்படியே இருந்திருந்தால், ஒற்றுமை தற்செயல். தற்செயலாக ஒத்திருக்கும் இரண்டை ஒன்றாக்கினால், அடுத்த ஆறு மாதத்தில் உள்ளே ‘இந்தப் பக்கம் என்றால் இப்படி, அந்தப் பக்கம் என்றால் அப்படி’ என்று நிபந்தனைகள் முளைக்கும். பிரதி எடுத்து வைப்பதைவிட அது செலவு கூடிய நிலை.

பிறகு ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். தேடல் பெட்டிக்குத் தெரியவேண்டியவை: உள்ளீட்டில் இருக்கும் எழுத்து, பட்டியல் திறந்திருக்கிறதா, எந்த வரி இப்போது தேர்வில் இருக்கிறது, தேடல் நடந்துகொண்டிருக்கிறதா, தோற்றதா. தெரியக்கூடாதவை: சர்வர் முகவரி, உள்நுழைவு டோக்கன், வரும் பதிலின் வடிவம், தேர்ந்தெடுத்தபின் எந்தப் பக்கத்துக்குப் போவது, பயனர் யார், பக்கத்தில் தன்னைச் சுற்றி எவ்வளவு இடம். இரண்டாவது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வெளியிலிருந்து மதிப்பாகவோ ஃபங்ஷனாகவோ உள்ளே வரவேண்டும்.

எழுதப்படாத அனுமானம் எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கு 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஏரியான் 5 ராக்கெட்டைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. ஏரியான் 4இல் சரியாக ஓடிய வழிகாட்டு மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தார்கள். கிடைத்திசை வேகம் தொடர்பான 64 பிட் மிதவை எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அதில் இருந்தது. பழைய ராக்கெட்டில் அந்த மதிப்பு 32,767ஐத் தாண்ட வழியில்லை. புதியது வேகமானது, தாண்டியது. மாற்று அலகிலும் அதே மென்பொருள் இருந்ததால் இரண்டும் அடுத்தடுத்து நின்றன, ஏறத்தாழ 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. புதிய ராக்கெட்டில் தரையைவிட்டு எழும்பியபின் அந்தக் கணக்குக்கே வேலை இல்லை என்பதுதான் வேதனை. உங்கள் பெட்டியில் இதற்கு இணையானது ‘ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்த அடையாள எண் இருக்கும்’ என்பது போன்ற ஒரு வரி. அதை ஆவணத்தில் எழுதுங்கள், டைப்ஸ்கிரிப்ட் வகையிலும் சொல்லுங்கள், மேம்பாட்டுச் சூழலில் மீறப்பட்டால் எச்சரிக்கையும் காட்டுங்கள்.

மூன்று அடுக்கு

முதல் அடுக்கில் திரையே இல்லை. எழுத்து மாறியது, அம்புக்குறி அழுத்தப்பட்டது, பதில் வந்தது என்ற நிகழ்வுகளை வாங்கி அடுத்த நிலையைத் தரும் வெறும் ஃபங்ஷன் அது. பிரவுசர் இல்லாமலே மில்லிநொடிகளில் சோதிக்கலாம். இரண்டாவது அடுக்கு அந்த நிலையை எச்டிஎம்எல் ஆக வரைவது. மூன்றாவது, அந்தந்த ஆப்புக்குள் இருக்கும் மெல்லிய உறை. சர்வர் முகவரியும் மொழிபெயர்ப்பும் பக்க மாற்றமும் இங்கேதான். பொது நூலகத்தில் போவது முதல் இரண்டும் மட்டுமே. மூன்றாவதை யாராவது நூலகத்துக்குள் தள்ளப் பார்த்தால் மறுத்துவிடுங்கள்.

நெட்வொர்க் அழைப்பை எப்படி வெளியே தள்ளுவது? தேடல் சொல்லையும் ரத்துச் சமிக்ஞையையும் வாங்கிக்கொண்டு, பரிந்துரைப் பட்டியலைப் பின்னர் தருவதாக வாக்களிக்கும் ஒரு ஃபங்ஷனை ப்ராப்பாக, அதாவது வெளியிலிருந்து காம்போனென்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பாக, வாங்குங்கள். உள்ளே ரெஸ்ட், கிராஃப்க்யூஎல் போன்ற சர்வர் அழைப்பா, கைப்பேசியிலேயே இருக்கும் பட்டியலா என்பது பெட்டிக்குத் தெரியவேண்டியதில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பயன்படுத்துபவர்கள் அந்த ஃபங்ஷனை ப்ராப் கொடுக்கும் இடத்திலேயே எழுதுவார்கள், அதனால் ஒவ்வொரு ரெண்டரிலும் (திரையை மறுபடி வரையும் ஒவ்வொரு முறையும்) அது புதிய ஃபங்ஷன். அதை உங்கள் எஃபெக்ட்டின் சார்புப் பட்டியலில், அதாவது எது மாறினால் ரெண்டருக்குப் பின் அந்த நிரல் மறுபடி ஓடவேண்டும் என்ற பட்டியலில், வைத்திருந்தால் ரெண்டர், தேடல், ரெண்டர், தேடல் என்று சர்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ‘ஃபங்ஷன் மாறாமல் காக்கும் யூஸ்கால்பேக்கில் சுற்றிக் கொடுங்கள்’ என்று ஆவணத்தில் எழுதுவது தீர்வாகாது, யாரும் படிக்கமாட்டார்கள். சமீபத்திய ஃபங்ஷனை, ரெண்டர்களுக்கிடையே மதிப்பைக் காக்கும் ஒரு ரெஃப்பில் வைத்துக்கொண்டு, எழுத்து மாறும்போது மட்டும் தேடும்படி நீங்களே எழுதிவிடுங்கள்.

ப்ராப்ஸ்: எண்ணிக்கையைவிடச் சேர்க்கை

‘சிறியது’, ‘எல்லையில்லாதது’, ‘இருண்டது’, ‘முழு அகலம்’ என்று நான்கு ஆம்-இல்லை ப்ராப்ஸ் வைத்தால் சேர்க்கைகள் 16. ஐந்தானால் 32. அவற்றில் பாதியை யாரும் ஒருபோதும் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். ஒன்றையொன்று விலக்கும் தேர்வுகளை ஒரே ப்ராப்பாக்கி, அதற்கு மூன்று நான்கு பெயருள்ள மதிப்புகளைக் கொடுங்கள். பரிந்துரை வரியின் தோற்றத்துக்கு ‘படம் காட்டு’, ‘துணைவரி காட்டு’ என்று அடுக்காமல், வரியை வரையும் ஃபங்ஷன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு ஏழெட்டு ப்ராப்ஸ் போதும்: மதிப்பு, மாற்றம், தேடும் ஃபங்ஷன், தேர்ந்தெடுத்ததும் அழைக்கவேண்டியது, வரியை வரைவது, லேபிள், முடிவில்லாதபோது காட்டும் வாசகம், முடக்கம்.

மதிப்பு யார் கையில் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். வெளியிலிருந்து மதிப்பு வந்தால் வெளியே உள்ளதே அதிகாரம், வராவிட்டால் பெட்டியே வைத்துக்கொள்ளும். நடுவில் மாறக்கூடாது. சர்வரிலிருந்து தரவு வரும்வரை மதிப்பு ‘அன்டிஃபைன்ட்’ ஆக இருந்து, பிறகு சொல்லாக மாறினால், கட்டுப்பாடற்ற உள்ளீடு கட்டுப்பட்டதாக மாறுகிறது என்று ரியாக்ட் எச்சரிக்கும். தரவு வராத நிலைக்கு வெற்றுச் சொல்லைக் கொடுக்கவேண்டும் என்று ஆவணத்தின் முதல் உதாரணத்திலேயே காட்டிவிடுங்கள். ஆவணத்தில் மக்கள் படிப்பது அந்த முதல் உதாரணத்தை மட்டும்தான்.

திரையில் வரும் எந்த வாசகத்தையும் உள்ளே எழுதிவைக்காதீர்கள். ‘3 முடிவுகள்’ போன்றவற்றை எண்ணை வாங்கி வாக்கியம் தரும் ஃபங்ஷனாக வாங்குங்கள். ஒருமை பன்மை விதி மொழிக்கு மொழி வேறு.

உள்ளே உடையும் இடங்கள்

தேடலைத் தாமதப்படுத்துவது எல்லோரும் செய்வதுதான், 200 முதல் 300 மில்லிநொடி சரியாக இருக்கும். ஆனால் தாமதம் மட்டும் பதில்களின் வரிசையைக் காப்பாற்றாது. ‘கட’ என்ற தேடலின் பதில் ‘கடல்’ என்பதன் பதிலுக்குப் பிறகு வந்துசேரலாம், பழைய பட்டியல் புதியதை மூடிவிடும். உள்ளூர் சர்வரில் இது தெரியவே தெரியாது, மெதுவான இணைப்பில்தான் தெரியும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறுவரிசையில் எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு வராத பதிலைத் தூக்கிப்போடுங்கள். பழைய அழைப்பை அபார்ட்கன்ட்ரோலரால் ரத்தும் செய்யுங்கள். ரத்தானதால் வரும் பிழையைப் பயனருக்குச் சிவப்பு எழுத்தில் காட்டிவிடாதீர்கள், அதைத் தனியே பிரித்து விழுங்கவேண்டும்.

அடுத்தது, சொடுக்கினால் எதுவும் தேர்வாகாத பிழை. மவுஸ் பொத்தான் கீழே இறங்கியதும் உள்ளீடு ஃபோகஸை இழக்கிறது. ஃபோகஸ் போனால் பட்டியலை மூடு என்று எழுதியிருப்பீர்கள். பொத்தான் மேலே வந்து ‘கிளிக்’ பிறக்கும் நேரத்தில் அங்கே வரியே இருக்காது. மூடுவதை 150 மில்லிநொடி தள்ளிப்போடுவதுதான் வழக்கமான ஒட்டுவேலை, பொத்தானைச் சற்று அழுத்திப் பிடிப்பவரிடம் அது தோற்கும். பட்டியலின் மவுஸ்டவுன் நிகழ்வில் இயல்புச் செயலைத் தடுத்தால் ஃபோகஸ் உள்ளீட்டிலேயே நிற்கும், பிரச்சினை வேரோடு போய்விடும்.

இப்போது தமிழில் தட்டச்சு செய்பவர்களைப் பிடித்து உலுக்கும் பகுதி. ஒலியியல் விசைப்பலகையில் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது அதை உறுதிசெய்யப் பயனர் என்டரை அழுத்தினால், பெட்டி அதைத் தேர்வாக எடுத்துக்கொண்டு முதல் பரிந்துரையைத் திணித்துவிடும். விசை நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ (எழுத்து இன்னும் உருவாகிறது என்ற குறி) உண்மையாக இருந்தால் என்டரையும் அம்புக்குறிகளையும் கண்டுகொள்ளாதீர்கள். சஃபாரியில் மட்டும் எழுத்துருவாக்கம் முடிந்த செய்தி விசை நிகழ்வுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதற்காக விசைக்குறியீடு 229 ஆக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இதைப் படித்ததும், எழுத்துருவாக்கம் நடக்கும்போது தேடலையே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பல, ஆங்கிலம் உட்பட எல்லா மொழியிலும் சொல் முடியும்வரை எழுத்துருவாக்க நிலையிலேயே இருக்கும். தேடலை நிறுத்தினால் இடைவெளி தட்டும்வரை பரிந்துரையே வராது. விசைகளை மட்டும் தடுங்கள், தேடல் ஓடட்டும்.

‘இரண்டு எழுத்துக்குப் பிறகு தேடு’ என்ற விதியை நீளத்தை வைத்து எழுதினால் அதுவும் ஏமாற்றும். ‘கொ’ என்பது நமக்கு ஓரெழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நீளம் 2. ‘நிலா’ நமக்கு இரண்டு, அதற்கு 4. நீண்ட பரிந்துரையை நீளம் பார்த்து வெட்டினால் ‘கடல்’ புள்ளி இழந்து ‘கடல’ ஆகும். எழுத்தெண்ண ஜாவாஸ்கிரிப்ட்டின் Intl தொகுதியிலுள்ள செக்மென்ட்டரைப் பயன்படுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அது 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது என்பதால் பழைய பிரவுசர்களுக்கு மாற்றுவழி வேண்டும். கண்ணுக்கு ஒரே ‘கொ’வாகத் தெரிவது இரு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்: ‘ொ’ ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவோ. ஒப்பிடும் முன் இருபக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு இயல்பாக்குங்கள். பொருந்திய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டும்போதும் எழுத்து எல்லையில் மட்டுமே பிரியுங்கள். ‘க’ தட்டியவருக்கு ‘கொடி’யில் ‘க’வை மட்டும் தடிப்பாக்கினால் மீதிக் கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு அனாதையாக நிற்கும்.

ஒரே பக்கத்தில் இரண்டு பெட்டி வைத்துப் பார்த்தீர்களா? உள்ளே நிலையான ஐடி எழுதியிருந்தால் இரண்டாவதன் லேபிளைத் தொட்டதும் முதலாவது ஃபோகஸ் ஆகும். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18 முதல், தனித்த ஐடி தரும் யூஸ்ஐடி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

தோற்றமும் விசைப்பலகையும்

பெட்டிக்கு வெளிப்புற மார்ஜின் வைக்காதீர்கள். தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் என்பது அதைக் கொண்டுவந்து வைப்பவரின் விஷயம். அகலமும் அப்படித்தான், கொடுத்த இடத்தை நிரப்பினால் போதும். நிறம், மூலை வளைவு, உள் இடைவெளி ஆகியவற்றைச் சிஎஸ்எஸ் மாறிகளாகத் திறந்துவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இயல்பு மதிப்போடு. உள்ளிருக்கும் கிளாஸ் பெயர்களை யாரும் பிடித்துக்கொள்ள முடியாதபடி வைத்தால் பின்னர் மாற்றும்போது தலைவலி குறையும். ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ (எல்லை மீறியதை மறைக்கும் சிஎஸ்எஸ் விதி) உள்ள பெற்றோர் உறுப்புக்குள் பட்டியல் பாதியில் வெட்டுப்படும், அதனால் அந்தப் பெற்றோருக்கு வெளியே வரையும் போர்ட்டல் வழியாக வரையுங்கள். ஆனால் மோடலுக்குள் (பக்கத்தின் மேல் எழும் உரையாடல் பெட்டிக்குள்) பெட்டி வரும்போது அந்தப் பட்டியல் மோடலுக்கு அடியில் போகாமல் இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும், இங்கேதான் பெரும்பாலானவை சறுக்குகின்றன.

திரைவாசிப்பானுக்காக: உள்ளீட்டுக்கு ‘காம்போபாக்ஸ்’ ரோல், பட்டியலுக்கு ‘லிஸ்ட்பாக்ஸ்’, வரிகளுக்கு ‘ஆப்ஷன்’. திறந்ததா மூடியதா என்பதையும், எந்தப் பட்டியல் என்பதையும், எந்த வரி தேர்வில் என்பதையும் ஏரியா (ARIA) பண்புகள் சொல்லவேண்டும். அம்புக்குறி அழுத்தும்போது ஃபோகஸ் உள்ளீட்டைவிட்டு நகராது, ‘ஆக்டிவ்டிசென்டன்ட்’ பண்பு மட்டும் மாறும். எஸ்கேப் பட்டியலை மூடும். அந்த எஸ்கேப் மேலே போய் மோடலையும் சேர்த்து மூடிவிடாமல் தடுக்கவும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1. வரியின் உயரம் 24 பிக்சலுக்குக் குறையக்கூடாது என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2இன் ஏஏ நிலை, விரலால் தொடவேண்டிய இடத்தில் 44 வைப்பதுதான் மரியாதை.

சோதனை

முதல் அடுக்குக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது எளிது, அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாவது அடுக்கில் கிளாஸ் பெயரால் தேடாமல் ரோலாலும் லேபிளாலும் தேடுங்கள். உள்ளமைப்பை மாற்றும்போது டெஸ்ட் உடையக்கூடாது, நடத்தை மாறினால் மட்டும் உடையவேண்டும். கட்டாயம் இருக்கவேண்டிய சூழல்கள்: முடிவு 0, 1, 1,000. தாமதமான பழைய பதில். தேடல் நடக்கும்போதே பெட்டி பக்கத்திலிருந்து நீங்குவது. ஒரே பக்கத்தில் இரு பெட்டி. இடைவெளியே இல்லாத மிக நீண்ட சொல். வலமிருந்து இடமாக எழுதும் மொழி. 320 பிக்சல் அகலத் திரை. எழுத்துருவாக்க நிகழ்வுகளைச் செயற்கையாக அனுப்பிச் சோதிப்பதை முழுதாக நம்பவேண்டாம், ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஒரு சஃபாரியிலும் கையால் தட்டிப் பாருங்கள்.

பொதிகட்டி அனுப்புதல்

ரியாக்ட்டை உங்கள் பேக்கேஜின் சாதாரணச் சார்பாகப் போட்டால், ஆப்பில் இரண்டு ரியாக்ட் நிறுவப்பட வாய்ப்புண்டு. விளைவு, ‘செல்லாத ஹூக் அழைப்பு’ என்ற பிழை. நிரலில் மணிக்கணக்காகத் தேடுவார்கள், காரணம் நிறுவலில் இருக்கும். ரியாக்ட் பியர் சார்பாக, அதாவது ஆப்பே தரவேண்டியதாக, மட்டுமே இருக்கவேண்டும். பயன்படாத பகுதிகளைப் பண்ட்லர் (கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் கருவி) உதிர்ப்பதற்காகப் பக்கவிளைவு இல்லை என்று அறிவிப்பது நல்லதுதான், ஆனால் சிஎஸ்எஸ் கோப்புகளை அதிலிருந்து விலக்க மறந்தால் வெப்பேக் என்ற பண்ட்லர் அவற்றையும் உதிர்த்துவிடும். மேம்பாட்டில் அழகாகத் தெரிந்த பெட்டி தயாரிப்பில் ஆடையின்றி நிற்கும்.

வெளியிடும் முன், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிர்வகிக்கும் என்பிஎம்மின் பேக் கட்டளையால் கிடைக்கும் பொதியை ஒரு வெற்று ஆப்பில் நிறுவிப் பாருங்கள். கோப்புறையை என்பிஎம் லிங்க்கால் இணைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. லிங்க்கில் உங்கள் கோப்புறையே அப்படியே தெரிவதால், பொதியில் விடுபட்ட கோப்பு அங்கே இருப்பதுபோலவே இருக்கும்.

எல்லாவற்றையும் தனித்தனி பேக்கேஜாகச் சிதறடிக்கவும் வேண்டாம். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜ் என்பிஎம்மிலிருந்து எடுக்கப்பட்டதும், அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய கருவிகளின் நிறுவலே உடைந்தது. 11 வரியை உள்ளேயே எழுதிக்கொள்ளலாம்.

பதிப்பெண்ணில் முதல் எண் பழையதை உடைக்கும் மாற்றம், இரண்டாவது புதிய வசதி, மூன்றாவது பிழைத்திருத்தம். கேரட் (^) குறியோடு 1.4.2 என்று எழுதியவருக்கு அதிலிருந்து 2.0.0க்குக் கீழ்வரை எதுவும் வந்துசேரும். 0.4.2 என்றால் 0.5.0க்குக் கீழே மட்டும். எது ‘உடைக்கும்’ மாற்றம் என்பதில் தாராளமாக இருங்கள். ப்ராப் பெயர் மாறுவது மட்டுமில்லை. இயல்புத் தாமதம் 200இலிருந்து 300 ஆனாலும், வெளியே ஒரு டிவ் கூடினாலும், யாரோ ஒருவரின் டெஸ்ட்டோ லேஅவுட்டோ அதை நம்பியிருக்கும்.

புதிய ப்ராப் கேட்டு வருபவரிடம், மூன்றாவது அடுக்கான அவருடைய உறையில் அதைச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியும் என்றால் அங்கேயே செய்யட்டும். முடியாது, ஆனால் கேட்பது ஒரே ஆப் என்றால், காத்திருங்கள். இரண்டாவது ஆப்பும் கேட்கும்போது இரண்டு கோரிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர்கள் கேட்ட ப்ராப்பைவிடப் பொதுவான ஒன்று பெரும்பாலும் தென்படும்.

பழைய ப்ராப்பை நீக்கும்போது, புதிய பெயரையும் பழையதையும் ஒருசேர ஏற்கும் பதிப்பை முதலில் விடுங்கள். பழையது வந்தால் மேம்பாட்டுச் சூழலில் கன்சோலில் ஒருமுறை மட்டும் எச்சரிக்கை. ஒவ்வொரு ரெண்டருக்கும் கத்தினால் மொத்த எச்சரிக்கையையும் அணைத்துவைத்துவிடுவார்கள். எச்சரிக்கையில் மாற்றாக எழுதவேண்டிய வரியே இருக்கட்டும். உங்கள் கைக்கு எட்டும் களஞ்சியங்கள் எல்லாவற்றிலும் பழைய பெயரைத் தேடி, எண்ணிக்கை சுழியம் ஆனபிறகு, அடுத்த முதலெண் பதிப்பில் அழித்துவிடுங்கள்.